சேஸிஸ் நம்பர் வந்தாச்சா? மின்சாரக் காருக்காகக் காத்திருக்கும் ஒரு மதுரை வீட்டின் கதை

"ஏ தாயி, அது வந்துருச்சா?"

கொஞ்ச நாள் முன்புவரை போனில் எங்கள் அப்பத்தா கேட்கும் முதல் கேள்வி "சாப்டியா?" என்பதாகத்தான் இருக்கும். ஐப்பசி பிறந்ததிலிருந்து அந்தக் கேள்வி இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது. 'அது' என்றால் கார். மின்சாரக் கார். மதுரை திருநகரில் இருக்கும் எங்கள் வீட்டுப் போர்ட்டிகோவில் சார்ஜ் போடுவதற்கான பிளக் பாயின்ட் தயார். தூசி படியக் கூடாதென்று அதன் மேல் அப்பா ஒரு பிளாஸ்டிக் கவரைக் கட்டி வைத்திருக்கிறார். காரைத்தான் இன்னும் காணவில்லை.

விநாயகர் சதுர்த்தியன்று, அதாவது ஆகஸ்ட் 27-ம் தேதி புக் செய்தோம். "தீபாவளிக்கு வண்டி உங்க வீட்ல நிக்கும் சார்" என்றார்கள். தீபாவளி போனது. கார்த்திகையும் முடியப்போகிறது. இதோ மார்கழி வாசலில் நிற்கிறது. எந்த கம்பெனி, எந்த ஷோரூம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். ஏனென்றால் இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. மின்சாரக் கார் புக் செய்துவிட்டு போனையே பார்த்துக்கொண்டிருக்கும் எத்தனையோ வீடுகளின் கதை.

இந்த மூன்றரை மாதத்தில் நாங்கள் செய்த தப்புகளையும் தெரிந்துகொண்ட விஷயங்களையும் இங்கே சொல்கிறேன். அடுத்து புக் செய்யப்போகிறவர்களுக்கு உதவும்.

முதல் தப்பு: பழைய காரை விற்றது

அப்பா கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் நோட்டில் எழுதி, கூட்டிக் கழித்துப் பார்க்காமல் இறங்க மாட்டார். அவரே சறுக்கிய இடம் இது. தீபாவளிக்குப் புது கார் வந்துவிடும் என்று நம்பி, அதற்கு முந்தைய வாரமே 12 வருஷப் பழைய பெட்ரோல் காரை சோழவந்தான்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார். நல்ல விலை கிடைத்தது. நல்ல ஆளும்கூட. ஆனால், புதுசும் இல்லை, பழசும் இல்லை என்று ஆகிவிட்டது.

அப்பத்தாவுக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. வாரம் இரண்டு நாள் பிசியோதெரபிக்குப் போக வேண்டும். இப்போது ஆட்டோவில்தான் பயணம். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் அவர் முகம் சுருங்குவதைப் பார்த்துவிட்டு அப்பா வீட்டுக்கு வந்து எதுவும் பேசாமல் உட்கார்ந்துவிடுவார் என்று அம்மா சொன்னார். கார் தாமதம் என்பது ஷோரூமுக்கு ஒரு தேதி மாற்றம். எங்கள் வீட்டில் அது ஒரு வயதான பெண்மணியின் கால் வலி.

இதில் நாங்கள் கற்ற பாடம் எளிமையானது. "வந்துரும்" என்ற வார்த்தையை நம்பி எதையும் விற்காதீர்கள். சேஸிஸ் நம்பர் கைக்கு வந்த பிறகு விற்றுக்கொள்ளலாம்.

அது என்ன சேஸிஸ் நம்பர்?

ஒவ்வொரு காருக்கும் தொழிற்சாலையிலேயே 17 எழுத்தும் எண்ணுமாக ஓர் அடையாளம் பொறிக்கப்படும். மனிதர்களுக்கு ஆதார் மாதிரி. நீங்கள் புக் செய்யும்போது உங்களுக்குக் கிடைப்பது வரிசையில் ஓர் இடம் மட்டுமே. கார் தயாராகி, "இந்த வண்டி இவருக்கு" என்று ஒதுக்கும்போதுதான் சேஸிஸ் நம்பர் சொல்வார்கள். அதற்கு முன் சொல்லப்படும் எல்லாத் தேதிகளும் உத்தேசம்தான்.

இது தெரியாமல் அப்பா தினமும் காலை பத்தரை மணிக்கு ஷோரூமுக்கு போன் போட்டு "எப்ப சார் வரும்?" என்றே கேட்டுக்கொண்டிருந்தார். "அடுத்த லாட்ல வருது சார்" என்றே பதிலும் வந்துகொண்டிருந்தது. கேட்க வேண்டிய கேள்வி "எப்ப வரும்?" அல்ல, "சேஸிஸ் நம்பர் வந்தாச்சா?" என்பதுதான். முதல் கேள்விக்கு என்ன பதில் வேண்டுமானாலும் சொல்லலாம். இரண்டாவதற்கு ஆம், இல்லை என்ற இரண்டே பதில்கள்.

ஏன் இவ்வளவு தாமதம்?

ஒரே காரணம் என்று எதையும் கைகாட்ட முடியாது. முதலாவது, தேவை. மஹிந்திரா நிறுவனம் தன் பிஇ 6, எக்ஸ்இவி 9இ ஆகிய இரண்டு மின்சாரக் கார்களுக்கு 2025 பிப்ரவரி 14 அன்று முன்பதிவைத் திறந்தது. முதல் நாளிலேயே 30,179 பேர் புக் செய்தார்கள். ஒரே நாளில் 30,000 பேர் வரிசையில் நின்றால், கடைசி ஆளுக்குக் கார் போய்ச்சேர மாதங்கள் ஆகத்தான் செய்யும்.

இரண்டாவது, காந்தம். ஆமாம், சாதாரண காந்தம்தான் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலான மின்சாரக் கார்களின் மோட்டாரில் அரிய மண் தனிமங்களால் ஆன சக்திவாய்ந்த காந்தங்கள் இருக்கின்றன. மோட்டார் சூடானாலும் காந்தம் வலுவிழக்காமல் இருக்க டிஸ்ப்ரோசியம், டெர்பியம் போன்றவற்றைச் சேர்ப்பார்கள். 2025 ஏப்ரல் 4 அன்று சீனா இவை உட்பட ஏழு தனிமங்களின் ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயம் என்று அறிவித்தது. உலகச் சந்தையில் இந்தக் காந்தங்களில் பெரும்பகுதியைத் தயாரிப்பது சீனாதான். எனவே, பல நாடுகளில் வாகனத் தொழிற்சாலைகள் தடுமாறின. நம் ஊரில் பஜாஜ் சேத்தக் மின்சார ஸ்கூட்டர் உற்பத்தியும் அதில் அடிவாங்கியது.

இத்தனைக்கும் நம் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் அரிய மண் தனிமங்கள் கொண்ட மோனசைட் இருக்கிறது. ஐஆர்இஎல் என்ற மத்திய அரசு நிறுவனத்தின் ஆலையும் அங்கே இருக்கிறது. ஆனால், மணலிலிருந்து மோட்டார் காந்தம் வரையிலான பாதை மிக நீளம். அந்தத் தொழில் இங்கே இன்னும் பெரிதாக வளரவில்லை.

மூன்றாவது காரணம், எங்கள் வீட்டிலேயே இருந்தது. என் தம்பி! அப்பா முதலில் கேட்டது வெள்ளை. "கறுப்புக் கூரை வச்ச டூ-டோன்தான் கெத்து" என்று தம்பி பிடிவாதம் பிடித்து, புக் செய்த மூன்றாவது வாரம் நிறத்தை மாற்றினான். கம்பெனிகள் ஒரு நிறம், ஒரு வேரியன்ட் என்று தொகுதி தொகுதியாகத்தான் தயாரிக்கின்றன. அதிகம் விற்கும் நிறம் அடிக்கடி வரும். மற்றவை எப்போதாவதுதான் வரும். நிறத்தை மாற்றியதால் வரிசையில் பின்னால் போய்விட்டோம் என்பது நவம்பரில்தான் எங்களுக்குத் தெரிந்தது. அதிலிருந்து தம்பிதான் அப்பத்தாவைக் கைபிடித்து ஆட்டோவில் ஏற்றி இறக்குகிறான்.

'கேன்சல் பண்ணிருங்க மாப்ளே!'

இடையில் இன்னொரு குழப்பம். செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவிகிதமாகக் குறைந்தது. மின்சாரக் கார்களுக்கு ஏற்கெனவே 5 சதவிகிதம்தான். அதில் மாற்றமில்லை. ஆக, பெட்ரோல் கார் விலை இறங்க, எங்கள் கார் விலை அப்படியே நின்றது. உசிலம்பட்டி மாமா உடனே போன் போட்டார்: "கேன்சல் பண்ணிருங்க மாப்ளே! பெட்ரோல் வண்டினா நாளைக்கே எடுத்துட்டு வந்துரலாம்."

அப்பா நோட்டை எடுத்தார். அவர் போட்ட கணக்கை அப்படியே தருகிறேன். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுவோம். மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால், 2,000 கிலோமீட்டராக வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காருக்கு இரண்டு மாதத்துக்கு 13,000 ரூபாய்க்கு மேல் ஆகும். அதே தூரத்துக்கு மின்சாரக் காருக்கு, சார்ஜ் ஆகும்போது வீணாவதையும் சேர்த்து, சுமார் 320 யூனிட் தேவை.

இங்கேதான் பலரும் கவனிக்காத ஒன்று. எங்கள் வீட்டில் வழக்கமாக 350 யூனிட் ஓடும். முதல் 100 யூனிட் இலவசம் போக, பில் 1,000 ரூபாய்க்குள் வரும். காரும் சேர்ந்தால் 670 யூனிட். இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் வேறு கணக்கு. 501-வது யூனிட்டிலிருந்து ஒன்றுக்கு 8 ரூபாய்க்கு மேல். ஆக, பில் தோராயமாக 3,600 ரூபாய் வரும். அதாவது காருக்காகக் கூடுதலாகக் கொடுப்பது 2,700 ரூபாய் போல. "கிலோமீட்டருக்கு 25 பைசாதான்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒன்றேகால், ஒன்றரை ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் பெட்ரோலுக்கு ஆவதில் அது ஐந்தில் ஒரு பங்குதான்.

அப்பா நோட்டை மூடிவிட்டு மாமாவிடம் சொன்னார்: "இல்ல மச்சான், காத்துக்கிருவோம்."

காத்திருப்பு நமக்குப் புதுசா?

அப்பத்தாவுக்கு இந்தக் காத்திருப்பு பெரிய ஆச்சரியமாக இல்லை. "உங்க தாத்தா ஸ்கூட்டருக்குப் பதிஞ்சுட்டு எத்தன வருஷம் கிடந்தாருன்னு தெரியுமா?" என்றார். 1972-ல் வந்த பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டருக்கு அந்தக் காலத்தில் பத்து வருடம் வரை காத்திருந்தவர்கள் உண்டு. பெண் பிறந்ததும் பதிந்துவைத்தால் கல்யாணத்துக்குச் சீராகக் கொடுக்கலாம் என்று வேடிக்கையாகச் சொல்வார்களாம். அதே சேத்தக் என்ற பெயரில் இன்று வரும் மின்சார ஸ்கூட்டர் காந்தத்துக்காகக் காத்திருந்தது என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

1983 ஏப்ரலில் மாருதி 800 காருக்கு முன்பதிவு தொடங்கியபோது முன்பணம் 10,000 ரூபாய். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. அப்படியும் இரண்டே மாதங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிந்தார்கள். யாருக்கு முதலில் தருவது என்று குலுக்கல் போட வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு டிசம்பர் 14 அன்று டெல்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங்குக்கு முதல் காரின் சாவியைக் கொடுத்தவர் அன்றைய பிரதமர் இந்திரா காந்தி.

எரிபொருள் மாறுவதும் மதுரைக்குப் புதிதல்ல. டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1911-ல் பஸ் தொழிலில் இறங்கியது இந்த ஊரில்தான். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, கரியை எரித்து வரும் வாயுவில் பஸ் ஓட்ட டிவிஎஸ் நிறுவனம் ஒரு கருவியையே தயாரித்தது. அப்பத்தாவின் அப்பா அந்தக் கரி பஸ்ஸில் போனவராம். "கரியில ஓடுன ஊருப்பா இது. கரன்ட்டுல ஓடாதா?" என்பது அப்பத்தாவின் கேள்வி.

கார் தொழிற்சாலையும் நம் பக்கமே வந்துவிட்டது. வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் தூத்துக்குடி சிப்காட்டில் அமைத்த மின்சாரக் கார் ஆலையை முதல்வர் மு.க.ஸ்டாலின் 2025 ஆகஸ்ட் 4 அன்று திறந்துவைத்தார். தொடக்கத்தில் ஆண்டுக்கு 50,000 கார்கள் வரை அங்கே தயாரிக்க முடியும். மதுரையிலிருந்து காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிடும் தூரம்தான்.

மார்கழியா, 31-ம் தேதியா?

இப்போது எங்கள் வீட்டின் உண்மையான தலைவலிக்கு வருகிறேன்.

2023 பிப்ரவரியில் வெளியான தமிழ்நாடு மின்வாகனக் கொள்கையின்படி மின்சாரக் கார்களுக்குச் சாலை வரியில் 100 சதவிகித விலக்கு. அந்த விலக்கு 31.12.2025 வரை என்று அறிவிக்கப்பட்டிருந்தது. வரி விஷயத்தில், நீங்கள் புக் செய்த தேதிக்கு மதிப்பில்லை. ஆர்டிஓ அலுவலகத்தில் வண்டி பதிவாகும் தேதிதான் கணக்கு. தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை விலையுள்ள பெட்ரோல் காருக்குச் சாலை வரி 18 சதவிகிதம். எங்கள் கார் 14 லட்சம். அந்தக் கணக்கில் பார்த்தால் 2,52,000 ரூபாய். அரசு சலுகையை நீட்டித்தால் சந்தோஷம். ஆனால், 'நீட்டித்தால்' என்பதை நம்பி அப்பா உட்கார மாட்டார். ஏற்கெனவே 'வந்துரும்' என்பதை நம்பிச் சூடுபட்டவர்.

மறுபக்கம், அப்பத்தா. டிசம்பர் 16-ல் மார்கழி பிறக்கிறது. "மார்கழில எவனாச்சும் வண்டி எடுப்பானா? தை பிறக்கட்டும்" என்று ஒரே வார்த்தை. தை பிறப்பது ஜனவரி 15. ஒரு பக்கம் இரண்டரை லட்சம், மறுபக்கம் பெற்ற தாயின் வார்த்தை. மூன்று நாள் வீட்டில் அப்பாவும் அப்பத்தாவும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

கடைசியில் வழி சொன்னதும் அப்பத்தாதான். "பேப்பர்ல பேரு மார்கழில ஏறட்டும். வண்டி வீட்டுக்குத் தையில வரட்டும். பேப்பருக்கு ஏதுப்பா நல்ல நாளு?" அப்பா சிரித்தே பல நாள் ஆகியிருந்தது. அன்று சிரித்தாராம்.

இது நடைமுறையில் சாத்தியம்தான். ஆனால், சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பதிவு செய்யும்போதே இன்ஷூரன்ஸ் எடுத்தாக வேண்டும் என்பதால், வண்டி ஓடாத நாட்களுக்கும் பிரீமியம் போகும். வண்டி ஷோரூமில் நிற்கும் நாட்களில் சேதம் ஏற்பட்டால் யார் பொறுப்பு என்று எழுதி வாங்க வேண்டும். மின்சாரக் காரிலும் பெரிய பேட்டரியைத் தவிர 12 வோல்ட் சிறிய பேட்டரி ஒன்று உண்டு. வாரக்கணக்கில் சும்மா நின்றால் அது இறங்கிவிடலாம். எடுக்கும்போது அதையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

காத்திருக்கும்போது என்ன செய்யலாம்?

1. டெலிவரி தேதி, வேரியன்ட், நிறம், விலை, ரத்து செய்தால் முன்பணம் எத்தனை நாளில் திரும்பும் ஆகியவற்றை புக்கிங் படிவத்திலோ மின்னஞ்சலிலோ எழுத்தாக வாங்குங்கள். போனில் சொன்னதற்குச் சாட்சி இல்லை. விலை ஏறினால் பழைய விலையா, புது விலையா என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

2. வங்கிக் கடன் அனுமதிக் கடிதத்துக்குக் காலக்கெடு உண்டு. எங்களுடையது முடிந்துபோய், மறுபடியும் எல்லா ஆவணங்களையும் கொடுத்தோம். அதேபோல், சேஸிஸ் நம்பரோடு இன்வாய்ஸ் வரும் முன் கடன் தொகையை விடுவிக்கச் சொல்லாதீர்கள். காரே வராமல் தவணை ஓட ஆரம்பித்துவிடும்.

3. வீட்டு வயரிங்கை இப்போதே பாருங்கள். காரோடு வரும் சார்ஜருக்கு 15 ஆம்ப்ஸ் பிளக் போதும். 45 யூனிட் பேட்டரி காலியிலிருந்து நிறைய 15 மணி நேரம் போல ஆகும். சுவரில் மாட்டும் 7 கிலோவாட் சார்ஜர் வேண்டுமென்றால், மின்வாரிய அலுவலகத்தில் உங்கள் இணைப்பின் மின்சுமை அளவை உயர்த்த வேண்டிவரலாம். எர்த் சரியில்லாவிட்டால் சார்ஜரில் சிவப்பு விளக்கு எரியும், சார்ஜ் ஏறாது. எங்கள் வீட்டில் எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்தபோது எர்த்தே சரியில்லை என்று தெரிந்தது. கார் தாமதமானதில் கிடைத்த ஒரே நன்மை!

4. அபார்ட்மென்ட்வாசி என்றால், பார்க்கிங்கில் பாயின்ட் போடுவது பற்றி சங்கத்தில் இப்போதே பேசுங்கள். கார் வந்த பிறகு பேசினால் சண்டையில் முடியும்.

5. ஷோரூம் தரும் இன்ஷூரன்ஸைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. காத்திருக்கும் நேரத்தில் நான்கு இடங்களில் விலை கேட்டு வையுங்கள்.

6. கார் வந்ததும், பதிவுக்கு முன் பகல் வெளிச்சத்தில் போய்ப் பாருங்கள். சேஸிஸ் நம்பரை இன்வாய்ஸோடு ஒப்பிடுங்கள். தயாரித்த மாதம், ஓடிய கிலோமீட்டர், டயர், பெயின்ட், சார்ஜர் எல்லாவற்றையும் பாருங்கள். ஒருமுறை சார்ஜ் போட்டும் காட்டச் சொல்லுங்கள். குறை இருந்தால் பதிவுக்கு முன் சொல்வது சுலபம்.

7. தேதி தள்ளிக்கொண்டே போய், முன்பணத்தையும் திருப்பித் தரவில்லை என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். 50 லட்சம் ரூபாய் வரை செலுத்திய விஷயங்களுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம். ஷோரூம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கு தொடர 2019 சட்டம் வழி செய்திருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை...

போன வெள்ளிக்கிழமை காலை நான் ஆபீஸில் இருந்தபோது அம்மாவிடமிருந்து போன். பின்னணியில் அப்பாவின் குரல், யாரிடமோ சத்தமாக. "எம்... ஏ... எம் ஃபார் மதுரை... சரி, அப்புறம் சொல்லுங்க..." ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டு, தினசரி நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதிக்கொண்டிருந்தார்.

மொத்தம் 17. எழுதி முடித்து, இரண்டு முறை எண்ணிப் பார்த்து, அந்தத் தாளைச் சாமி படத்துக்குக் கீழே வைத்தாராம். கார் இன்னும் வந்துசேரவில்லை. லாரியில் ஏறியிருக்கிறது. பதிவுக்கு நாள் குறிக்க வேண்டும். நம்பர் பிளேட் பச்சை நிறத்தில் வரும். தை பிறந்ததும் பாண்டி கோயிலுக்குப் போய்ப் பூஜை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து எடுக்க வேண்டும். முதல் பயணம் எங்கே என்பதில் மட்டும் வீட்டில் சண்டையே இல்லை. அப்பத்தாவின் பிசியோதெரபிக்குத்தான்.

அன்று இரவு அப்பத்தா போனில் வந்தார்.

"ஏ தாயி, சாப்டியா?"